டிராக்டரில் பொருத்த ஒரு சிறு கம்ப்ரசர்

மரவள்ளி அறுவடைக் காலம். ஓமலூரை அடுத்த ஒரு தோட்டத்தில் கிழங்கு பிடுங்கி, டிரெய்லரில் ஏற்றியாகிவிட்டது. பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாட்களிலேயே கெடத் தொடங்கும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே சுமை அன்றே சவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். புறப்படும் நேரத்தில் பார்த்தால், டிராக்டரின் பின்சக்கரம் ஒன்று காற்றிறங்கி அமுங்கி நிற்கிறது. பஞ்சர் கடையோ சில கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. சுமையுடன் அப்படியே ஓட்டினால் டயர் பாழாகும். கைப்பம்பு அவ்வளவு பெரிய சக்கரத்திற்கு ஈடு கொடுக்காது.

இத்தகைய நேரத்தில் டிராக்டரிலேயே ஒரு சிறு கம்ப்ரசர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணாத உழவர் இருக்க முடியாது. அதை நம் ஊர்ப் பட்டறையின் உதவியுடன் அமைத்துக் கொள்ள முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் கொள்ள வேண்டும். காற்றை அழுத்துவது எளிது. அழுத்திய காற்றை அடைத்து வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எனவே இக்கட்டுரையில் அமைக்கும் முறையைப் போலவே, காக்கும் முறையும் விரிவாகக் கூறப்படுகிறது.

நமக்குப் புதிதல்ல

சேலம், நாமக்கல் பகுதி விவசாயிகளுக்குக் கம்ப்ரசர் பழகிய பொருள்தான். பாறைக் கிணற்றை ஆழப்படுத்தும்போது டிராக்டருடன் இணைந்த பெரிய கம்ப்ரசரைக் கொண்டுதான் துளை போடுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதும் காற்றின் துணையால்தான். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நிற்கும் லாரிகளின் பிரேக்குகளும் அழுத்திய காற்றால் இயங்குகின்றன.

ஆனால் நாம் இங்கே பேசுவது இவற்றைவிட மிகச் சிறிய கம்ப்ரசரைப் பற்றியது. பாறையில் துளையிடும் ஒரு ஜாக்ஹாமருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 2000 லிட்டரும் அதற்கு மேலும் காற்று தேவைப்படும். டயருக்குக் காற்றடிக்க நிமிடத்திற்கு 75 லிட்டர் போதுமானது. இதற்கு ஒரு குதிரைத்திறன் அளவே செலவாகும். ஆகவே இந்தச் சிறு அமைப்பைக் கொண்டு கிணறு வெட்டலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பஞ்சருக்கு மட்டும்தானா?

இல்லை. டிராக்டர் சக்கரத்தின் காற்றழுத்தம் வயலில் ஒரு அளவாகவும், சாலையில் வேறு அளவாகவும் இருப்பது நல்லது. உழவின்போது பின்சக்கரங்களுக்குப் பொதுவாக 12 முதல் 14 பவுண்டு அழுத்தம் கூறப்படுகிறது. இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அல்லது சற்றுக் குறைவு. அழுத்தம் குறைவாக இருக்கும்போது டயர் பரந்து மண்ணில் படிகிறது. மண் இறுகுவது குறைகிறது. சக்கரம் வீணாகச் சுழல்வதும், அதனால் டீசல் விரயமாவதும் குறைகின்றன.

அதே சக்கரத்தைக் கொண்டு சாலையில் பாரம் இழுத்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. கட்டைகள் விரைவில் தேய்கின்றன. எனவே சாலைக்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். தங்கள் டிராக்டருக்கும் டயருக்கும் உரிய சரியான அளவைக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள். அதில் கூறிய அளவுக்குக் கீழே ஒருபோதும் இறக்கக் கூடாது. இறக்கினால் டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வால்வு அறுந்து போகும்.

காற்றை இறக்குவதற்கு ஒரு குச்சி போதும். ஏற்றுவதற்குத்தான் வழியில்லை. அதனாலேயே நம்மில் பலர் ஆண்டு முழுவதும் சாலைக்குரிய அழுத்தத்தையே வைத்துக் கொண்டு வயலிலும் ஓட்டுகிறோம்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரமே இருந்த காலம் உண்டு. குறைந்த அழுத்தக் காற்று டயருடன் டிராக்டர் விற்பனைக்கு வந்தது 1932-இல், அமெரிக்காவில்தான். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1942-இல், அந்நாட்டு இராணுவத்திற்காக நீரிலும் நிலத்திலும் ஓடும் 'டக்' என்னும் வண்டி செய்யப்பட்டது. கடற்கரை மணலில் குறைந்த அழுத்தமும், சாலையில் கூடுதல் அழுத்தமும் வேண்டியிருந்ததால், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வசதி செய்யப்பட்டிருந்தது. அவ்வளவு நமக்குத் தேவையில்லை. வண்டியை நிறுத்திக் குழாயை மாட்டிக் காற்றடிக்க முடிந்தால் போதும்.

எவ்வளவு காற்று வேண்டும்?

வாங்குவதற்கு முன் கணக்குப் பார்ப்பது நன்று. 13.6-28 அளவுள்ள பின்சக்கரம் ஒன்றின் உள்ளளவு சுமார் 200 லிட்டர் எனக் கொள்ளலாம். இதை 12 பவுண்டிலிருந்து 20 பவுண்டுக்கு உயர்த்த, சுமார் 110 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். நிமிடத்திற்கு 75 லிட்டர் தரும் கம்ப்ரசர் இதனை ஒன்றரை நிமிடத்தில் செய்து முடிக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் மூன்று நிமிடம்.

சக்கரத்தில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியிருந்தால் காற்றுக்குரிய இடம் கால் பங்குதான். தேவையான காற்றும் கால் பங்காகிவிடும். அத்தகைய சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது வால்வு மேல்பக்கம் இருக்குமாறு வண்டியை நிறுத்த வேண்டும். இல்லையேல் தண்ணீர் குழாய்க்குள்ளும் அழுத்தமானிக்குள்ளும் வந்துவிடும்.

எந்த வகை ஏற்றது?

மூன்று வழிகள் உள்ளன.

1. பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பு. இதற்குத் தொட்டி வேண்டியதில்லை. விலை குறைவு, ஆபத்தும் குறைவு. ஆனால் வேகம் குறைவு. சிறிது நேரம் ஓடியதும் சூடேறும். ஓய்வு கொடுக்க வேண்டும். என்ஜின் ஓடிக் கொண்டிருக்கும்போதே இயக்க வேண்டும். கம்பியைப் பேட்டரியிலிருந்து நேரடியாக, தக்க ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். ஒரே டிராக்டரும், எப்போதாவது காற்றடிக்கும் தேவையும் உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

2. என்ஜினின் முன்புறப் புல்லியிலிருந்து பெல்ட் மூலம் ஓடும் கம்ப்ரசர். சக்கரத்திற்குக் காற்றடிப்பதுடன் ரேடியேட்டர், வடிகட்டி முதலியவற்றைச் சுத்தம் செய்யவும் விரும்புவோர்க்கு ஏற்றது. இக்கட்டுரையில் விளக்கப்படுவது இதுவே.

3. பின்புற பி.டி.ஓ. தண்டினால் ஓடும் கம்ப்ரசர். முன்புறப் புல்லியில் கூடுதல் பள்ளம் இல்லாத டிராக்டர்களுக்கு இது உதவும். ஆனால் டிரெய்லர் மாட்டியிருக்கும்போது இதைப் பின்னால் பொருத்த இடமிருக்காது.

லாரி பிரேக் கம்ப்ரசர் பழைய சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கலாம். அதில் ஒரு தடை உண்டு. லாரி கம்ப்ரசருக்கு உயவெண்ணெய் லாரி என்ஜினிலிருந்து குழாய் வழியாக வருகிறது. வேலை முடிந்து என்ஜினுக்கே திரும்புகிறது. தனியே கழற்றிப் பூட்டினால் எண்ணெயின்றி விரைவில் இறுகிவிடும். டிராக்டர் என்ஜினில் எண்ணெய்க்கு வழி வெட்டுவதும் விரும்பத்தக்கதல்ல. ஆகவே தன் அடிப்பெட்டியிலேயே எண்ணெய் வைத்திருக்கும், பஞ்சர் கடைகளில் காணப்படும் வகையே நமக்கு உகந்தது. எண்ணெய் தெறித்து உயவிடும் வகையாதலால் இதனைச் சாய்வின்றி மட்டமாகப் பொருத்த வேண்டும். சரிவான நிலத்தில் நிறுத்தி ஓட்டக் கூடாது.

பொருத்தும் முறை

கம்ப்ரசரைத் தாங்கும் சட்டத்தை, முன்புற எடைகள் மாட்டும் இடத்தில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளைக் கொண்டு பொருத்துங்கள். டிராக்டரின் உடற்சட்டத்தில் புதிதாகத் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. வெல்டிங் வேலையைச் சட்டத்தைக் கழற்றி வைத்துச் செய்யுங்கள். ரேடியேட்டருக்கு வரும் காற்றைக் கம்ப்ரசர் மறைக்காமலும் பார்த்துக் கொள்ளுங்கள்.

என்ஜின் புல்லி 15 செ.மீ. விட்டமும், கம்ப்ரசர் புல்லி 25 செ.மீ. விட்டமும் இருந்தால், என்ஜின் 1000 சுற்றில் ஓடும்போது கம்ப்ரசர் 600 சுற்றில் ஓடும். ஒரு சுற்றுக்கு 200 கன செ.மீ. காற்றை இழுக்கும் கம்ப்ரசராயின், இழப்புகள் போக நிமிடத்திற்குச் சுமார் 75 லிட்டர் காற்று கிடைக்கும். என்ஜினை முழு வேகத்தில் விட்டால் கம்ப்ரசர் 1200 சுற்றுக்கு மேல் ஓடிச் சூடேறி வீணாகும். ஆகவே வண்டி நிற்கும்போது மட்டும், குறைந்த வேகத்தில் இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி எடுத்து வைத்துவிட வேண்டும். கம்ப்ரசர் புல்லியில் குறித்துள்ள அம்புக்குறியின் திசையிலேயே அது சுழல வேண்டும்.

பெல்ட்டுக்கும் புல்லிகளுக்கும் தகட்டு மூடி கட்டாயம். தோளில் கிடக்கும் துண்டு, வேட்டியின் நுனி, சேலை முந்தானை இவற்றில் ஏதேனும் ஒன்று பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். மூடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

காற்று செல்லும் வழி

காற்று எந்த வரிசையில் செல்கிறதோ, அதே வரிசையில் பாகங்களைப் பொருத்துவது எளிது.

1. காற்று வடிகட்டி: கம்ப்ரசர் உறிஞ்சும் வாயில் இருக்க வேண்டும். நம் செம்மண் புழுதி உள்ளே போனால் சிலிண்டர் விரைவில் தேய்ந்துவிடும்.

2. உலோகக் குழாய்: கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று 150 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடாக இருக்கக் கூடும். ரப்பர் குழாய் போட்டால் வெந்து வெடிக்கும். ஒன்றரை மீட்டர் நீளமாவது செம்புக் குழாயோ எஃகுக் குழாயோ போட வேண்டும். காற்று ஆறுவதற்கும் இந்த நீளம் உதவும்.

3. சுமை விடுவிக்கும் வால்வு: பட்டறைகளில் இதனை அன்லோடர் என்பர். தொட்டியில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 கிலோவை எட்டியதும், கம்ப்ரசர் தரும் காற்றை வெளியே விட்டுவிடும்.

4. ஒருவழி வால்வு: தொட்டிக்குள் சென்ற காற்று திரும்பி வராமல் தடுக்கும்.

5. காற்றுத் தொட்டி: 20 லிட்டர் போதுமானது. இதில் பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி, அடியில் நீர் வடிக்கும் திருகு ஆகிய மூன்றும் இருந்தே தீர வேண்டும்.

6. அடைப்பு வால்வு, அழுத்தம் குறைக்கும் கருவி, நீண்ட குழாய், அழுத்தமானியுடன் கூடிய காற்றடிக்கும் முனை.

கம்ப்ரசருக்கும் தொட்டிக்கும் நடுவிலோ, தொட்டிக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் நடுவிலோ கையால் மூடும் வால்வு எதையும் வைக்கக் கூடாது. யாரேனும் மறதியாக மூடிவிட்டால் காற்றுக்குப் போக்கிடம் இருக்காது.

தொட்டியே உயிர்நிலை

சிறிய தொட்டிதானே, என்ன ஆகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. 25 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 7 கிலோ அழுத்தம் இருக்கும்போது, அதன் ஒவ்வொரு மூடியின் மீதும் சுமார் 3,400 கிலோ விசை அழுத்திக் கொண்டிருக்கிறது. ஒரு பற்றவைப்பு விட்டுப் போனால், அந்த 20 லிட்டர் காற்றுக்குள் இருக்கும் ஆற்றல், ஒரு டன் எடையை ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம் தூக்கும் அளவுக்குச் சமமானது. அது மெதுவாக வெளிவருவதில்லை. கண் இமைக்கும் நேரத்தில் வெளிவந்துவிடும். டிராக்டர் ஓட்டுநருக்கு ஓரிரு முழ தூரத்தில் இந்தத் தொட்டி இருக்கப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே தொட்டியை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். காற்றுக்கென்றே செய்யப்பட்ட, தாங்கும் அழுத்தம் பொறித்த புதிய தொட்டியை வாங்குங்கள். கீழ்க்கண்டவற்றை எக்காரணம் கொண்டும் தொட்டியாகப் பயன்படுத்தக் கூடாது.

- சமையல் எரிவாயு உருளை. எஞ்சியுள்ள வாயு வெல்டிங் தீயில் வெடிக்கும். சட்டப்படியும் குற்றம்.
- குளிர்சாதன வாயு வரும், ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய உருளை.
- பழைய தீயணைப்புக் கருவி, எண்ணெய்ப் பீப்பாய்.
- பி.வி.சி. குழாய். தண்ணீருக்கு நன்றாகப் பயன்படும் இக்குழாய், காற்றை அடைத்தால் கண்ணாடி போல் சிதறிக் குத்தும்.
- உள்ளே துருப்பிடித்த பழைய லாரித் தொட்டி.

பாதுகாப்பு வால்வு 7 கிலோவில் திறக்குமாறு அமைக்கப்பட்டு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் தரும் காற்று முழுவதையும் வெளியேற்றும் அளவும் அதற்கு வேண்டும். அது அடிக்கடி சீறுகிறதே என்று திருகை இறுக்குவது தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பது போன்றது. சீறினால் கோளாறு அன்லோடரில் இருக்கிறது என்று பொருள்.

சோதனை செய்யும் முறை

முதன்முறை பயன்படுத்துவதற்கு முன் தொட்டியைத் தண்ணீரால் சோதிக்க வேண்டும். காற்று சிறிதும் இல்லாமல் தொட்டி முழுவதும் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பினால் 10.5 கிலோ வரை, அதாவது பாதுகாப்பு வால்வின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு, அழுத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் காற்றைப் போலச் சுருங்குவதில்லை. ஆகவே தொட்டி விட்டுப் போனாலும் தண்ணீர் கசியுமே தவிர, வெடித்துச் சிதறாது. இச்சோதனைக்குரிய கருவியும் பழக்கமும் உள்ள பட்டறையில் இதனைச் செய்து கொள்ளுங்கள். காற்றை ஏற்றித் தொட்டியின் வலிமையைச் சோதிப்பது மிகவும் ஆபத்தானது.

பின்னர் எல்லாவற்றையும் பொருத்தி, 2 கிலோ அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். அதன்பின் 6 கிலோவுக்கு உயர்த்தி, அன்லோடர் வேலை செய்கிறதா என்று கவனியுங்கள். கசிவை இறுக்குவதாயின் முதலில் காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்பே சாவியைப் போட வேண்டும்.

நாள்தோறும் நீர் வடித்தல்

மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. அத்தகைய காற்று 1000 லிட்டரை 7 கிலோவுக்கு அழுத்தி ஆற வைத்தால், சுமார் 20 மில்லி லிட்டர் தண்ணீர் தொட்டியில் தங்கும். அது தொட்டியை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளவென்று இருந்தாலும், உள்ளே தகடு தாள் போல் ஆகியிருக்கக் கூடும். லாரி ஓட்டுநர்கள் காற்றுத் தொட்டியின் நீரை வடித்து விடுவதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். நாமும் பயன்படுத்திய அன்றே அடித்திருகைத் திறந்து நீரையும் காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். தொட்டியில் காற்றை அடைத்து வைத்துக் கொண்டு சாலையில் ஓட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கம்ப்ரசர் எண்ணெயின் அளவை ஒவ்வொரு முறையும், பெல்ட்டையும் போல்ட்டுகளையும் வாரம் ஒரு முறையும் பாருங்கள். வயல் குலுக்கலில் போல்ட்டுகள் தளர்வது சாதாரணம். தண்ணீர்ச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறை திரும்பச் செய்வது நல்லது.

காற்றடிக்கும்போது கவனிக்க

சக்கரத்தின் முன்னே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நின்று, நீண்ட குழாயால் காற்றடியுங்கள். டிராக்டர் பின்சக்கரத்தைப் புதிதாக ரிம்மில் உட்கார வைக்கும்போது 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லையெனில் காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்பு நீர் தடவி, சரியாக மையப்படுத்தி மீண்டும் முயல வேண்டும்.

டிரெய்லரில் லாரிச் சக்கரம் போட்டிருந்தால், அதில் பூட்டு வளையம் இருக்கக் கூடும். சரியாக உட்காராத வளையம் காற்றேறும்போது தெறித்து ஆளைக் கொல்லும் வலிமை உள்ளது. அச்சக்கரங்களைக் கழற்றி மாட்டும் வேலையைத் தோட்டத்தில் செய்யாமல், பாதுகாப்புக் கூண்டு உள்ள கடையில் செய்து கொள்ளுங்கள்.

பிற பயன்கள்

ரேடியேட்டரில் அடைத்த பதரையும் தூசியையும் என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி ஊதலாம். உலர் வகைக் காற்று வடிகட்டியை உள்ளிருந்து வெளியே, 2 கிலோவுக்கு மேற்படாத அழுத்தத்தில் ஊத வேண்டும். எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டியை ஊதக் கூடாது; கழுவியே சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு முக்கியமான பயன் உண்டு. மருந்து தெளிப்பானின் முனை அடைத்துக் கொண்டால் வாயில் வைத்து ஊதும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது நஞ்சை நேரே வாய்க்குள் எடுப்பதாகும். முனையைத் தண்ணீரில் கழுவி, பிறகு குறைந்த அழுத்தக் காற்றால் ஊதினால் அடைப்பு நீங்கும். ஊதும்போது கண்ணாடி அணிவது அவசியம்.

காற்றை உடம்பின் மீதோ, துணியின் தூசியைத் தட்டவோ செலுத்தக் கூடாது. தோலின் சிறு காயத்தின் வழியே காற்று உட்புகுந்தாலும், கண்ணிலோ காதிலோ பட்டாலும் பெருந்தீங்கு விளையும். குழந்தைகள் விளையாட்டாகக் கூடக் குழாயைத் தொட விடக் கூடாது.

முடிவாக

டிராக்டர் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், எதையும் பொருத்துமுன் விற்பனையாளரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சட்டம், புல்லி ஆகியவற்றின் அளவு குறித்து வேளாண்மைப் பொறியியல் துறையினரையோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ அணுகி ஆலோசனை பெறலாம்.

செலவைக் குறைக்க விரும்பினால் சட்டத்தைப் பழைய இரும்பில் செய்யுங்கள். புல்லியைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். ஆனால் தொட்டி, பாதுகாப்பு வால்வு, பெல்ட் மூடி இம்மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். இம்மூன்றும் சரியாக இருந்தால் கிழங்குச் சுமை அன்றே ஆலைக்குப் போய்ச் சேரும். ஓட்டிச் சென்றவரும் நலமாக வீடு திரும்புவார்.